கடுவனா, பெட்டையா?

வீட்டில் ஒரு நாய் வளர்ப்பது என்று குடும்பத்தார் தீர்மானித்துவிட்டால், அடுத்தபடியாக எழுகின்ற கேள்வி கடுவனா பெட்டையா என்பதுதான். நிறம் எது, இனம் எது, பெயர் என்ன என்பவற்றையெல்லாம் நாட்கணக்கில் விவாதிப்பவர்கள்கூட இந்தக் கேள்வியை மட்டும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். "கடுவன் குட்டியாகப் பாருங்கள்" என்பதே நான் மிகுதியும் கேட்ட விடை. ஏன் என்று வினவினால், காவலுக்குக் கடுவன்தான் ஏற்றது, அதற்குத்தான் துணிவு அதிகம் என்பார்கள். அவர்களை இன்னும் சற்று நேரம் பேசவிட்டால் உள்ளே கிடக்கும் காரணம் தானாக வெளியே வந்துவிடும். பெட்டை என்றால் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். தெருவிலுள்ள கடுவன்களெல்லாம் வாசலில் வந்து கூடும். போட்ட குட்டிகளை யார் தலையில் கட்டுவது? இதுதான் காரணம். துணிவும் காவலும் அதன்மேல் போர்த்திய போர்வை.

நாயின் குணத்தை ஆராய்ந்தே மனிதன் கடுவனையோ பெட்டையையோ தேர்ந்தெடுக்கிறான் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பழைய ஏடுகளையும் அண்மைக் காலச் செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. மனிதன் பார்த்தது தன் தேவையை. அத்தேவை மாறும்போதெல்லாம் விடையும் மாறியிருக்கிறது. அந்த வரலாற்றின் சில பக்கங்களை இன்று உங்களோடு சேர்ந்து புரட்ட விரும்புகிறேன், நேயர்களே.

முதலில் நம் மொழி. தொல்காப்பியத்தின் மரபியல், விலங்குகளின் ஆண் பெயர், பெண் பெயர், இளமைப் பெயர் ஆகியவற்றைத் தொகுத்துச் சொல்லும் பகுதி. பெண் நாய்க்கு அங்கே 'பிணவு' என்ற பெயரும் 'பாட்டி' என்ற பெயரும் வழங்குகின்றன. பன்றிக்கும் நாய்க்கும் நரிக்கும் பாட்டி என்று பெயர் வைத்த இலக்கண ஆசிரியரை இன்றைய பேரக் குழந்தைகள் மன்னித்துவிட வேண்டும். நாம் இங்கே கருத வேண்டியது, பெண் நாய்க்குத் தனிப் பெயர் வேண்டும் என்று அக்காலத்தவர் எண்ணினார்கள் என்பது. ஆடு மாடு மேய்ப்பவனுக்கும் வேட்டைக்குப் போகிறவனுக்கும் அந்த வேறுபாடு தொழில் சார்ந்த வேறுபாடு.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது கி.பி. 7-ஆம் நூற்றாண்டினது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் மாண்டபோது, அவனுடைய நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவலாக நின்றது என்பதை அக்கல் பதிவு செய்கிறது. நாயின் பெயர் கோவிவன். மனிதனுக்கு எடுத்த கல்லிலே நாய்க்கும் பெயரும் உருவமும் பொறித்த பெருந்தன்மையை எத்தனை முறை எண்ணினாலும் எனக்குச் சலிப்பதில்லை. கோவிவன் என்ற பெயரின் ஈற்றைக் கொண்டு அது கடுவன் என்று கொள்ளலாம். ஆனால் கடுவனாக இருந்ததால்தான் அது நின்று காத்தது என்று அந்தக் கல் சொல்லவில்லை. காவலுக்குக் கடுவனே சிறந்தது என்பார் இந்தச் சான்றை என்னிடம் கேட்டால் நான் கொடுக்கமாட்டேன்.

காவலை விட்டு வேட்டைக்குப் போனால் விடை வேறாகிறது. கிரேக்க நாட்டில் கி.மு. 4-ஆம் நூற்றாண்டு வாக்கில் செனோபன் வேட்டை நாய்களைப் பற்றி எழுதிய நூலில், அவற்றைப் பொதுவாகச் சுட்டும்போது பெண்பாலிலேயே பேசுகிறார். கூப்பிடுவதற்கு எளிதாக இருக்கவேண்டும் என்று 47 சிறிய பெயர்களை வரிசையாகத் தருகிறார். அவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, உரோமப் பேரரசின் காலத்தில், அர்ரியன் என்பவர் அதே பொருளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். இவரை நம்மவர் அறிவர். அலெக்சாந்தரின் படையெடுப்பு வரலாற்றை எழுதிய அதே அர்ரியன்தான். தத்துவ ஞானி எபிக்டெட்டஸின் மாணவர்; ஹேட்ரியன் பேரரசரின் ஆட்சியில் கப்படோசியா மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர். இத்தனை பெரிய பதவிகளை வகித்த மனிதர், ஓய்வு நேரத்தில் முயல் வேட்டை நாய்களைப் பற்றி உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பதே அவரிடம் நமக்கு அன்பு உண்டாக்குகிறது.

நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு அவர் நேராக விடை சொல்கிறார். பெட்டைக்கு வேகம் அதிகம். கடுவனுக்கு உழைப்பைத் தாங்கும் ஆற்றல் அதிகம். பெட்டை ஐந்தாம் வயது வரையில் தன் வேகத்தைக் காத்துக்கொள்ளும். கடுவன் பத்தாம் வயது வரையில் காத்துக்கொள்ளும். இப்படிக் கால்களைக் கொண்டு எடைபோட்டு, நல்ல கடுவன் ஒன்று கிடைத்தால் அது பெரும்பேறு என்கிறார். ஆனால் தம்முடைய சொந்த நாயைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அந்தத் துலாக்கோலைக் கீழே வைத்துவிடுகிறார். அவர் வளர்த்தது ஒரு பெட்டை. ஹோர்மே என்று பெயர். பாய்ந்து செல்லும் உந்துதல் என்று பொருள்படும் சொல். சாம்பல் நிறக் கண்கள். வீட்டில் இருந்தால் அவரை விட்டு அகலாது. அவர் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனால் கூடவே போய், அவர் பயிற்சியை முடிக்கும் வரையில் அருகே உட்கார்ந்திருக்கும். திரும்பும்போது முன்னால் ஓடி, அவர் வேறு வழியில் திரும்பிவிடவில்லையே என்று அடிக்கடி திரும்பிப் பார்க்கும். உணவு கொள்ளும்போது ஒரு காலால் ஒரு முறையும் மற்றொரு காலால் ஒரு முறையும் அவரைத் தொட்டு, தன் பங்கை நினைவூட்டும். ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நாய் வளர்ப்பவர் வீட்டில் இன்று இரவும் அதேதான் நடக்கும்.

அர்ரியனுடைய நூலில் பெண் நாய் குட்டி போடும் என்பது குறையாகப் பேசப்படவில்லை. வேட்டைக்காரனுக்குக் குட்டி செல்வம். நல்ல பெட்டையின் குட்டிகள்தாம் அடுத்த தலைமுறையின் நாய்கள். ஆட்டு மந்தை உடையவனும் இப்படியே எண்ணினான். குட்டி எப்போது சுமையாயிற்று? நாய்க்கு வேலை இல்லாத வீட்டில். சுவரும் பக்கத்து வீட்டுக்காரரும் உள்ள ஊரில். இதை நான் ஊகமாக மட்டும் சொல்லவில்லை. வரிச் சட்டமே சான்று தருகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதற்கொண்டு நீண்ட காலம் நடைமுறையில் இருந்த நாய் உரிமக் கட்டணத்தைப் பாருங்கள். கடுவனுக்கு 2 டாலர். பெட்டைக்கு 5 டாலர். பின்னர் ஒரு விலக்கும் வந்து சேர்ந்தது: கருப்பை நீக்கப்பட்ட பெட்டை என்று மருத்துவர் சான்று கொடுத்தால், அதற்கும் 2 டாலர்தான். பெண் நாய் குரைப்பதற்கோ கடிப்பதற்கோ விதித்த வரியாக இருந்தால் அறுவைக்குப் பின்னும் அது 5 டாலராகவே இருந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த 3 டாலர் பிறக்கப்போகும் குட்டிகளுக்கு விதித்த வரி. குடும்பத் தலைவர்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசும் காரணத்தைச் சட்டம் கூசாமல் எழுதி வைத்துவிட்டது. பெட்டையை வளர்ப்பவன் இரண்டரை மடங்கு கட்டவேண்டும் என்ற நிலையில், ஏழைக் குடியானவன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பெண் விலங்கின் சூலகத்தை அறுத்து எடுக்கும் தொழில் மிகப் பழமையானது. பெண் பன்றிக்கும் பெண் ஒட்டகத்துக்கும் அதைச் செய்வதைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். ஆனால் அது விலங்கைக் கட்டிப்போட்டுச் செய்த கொடிய வேலை. மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்யலாம் என்பதை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியது 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில். பாஸ்டன் அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தலைநகரம். வலியின்றி அறுவை செய்யும் வழியைக் கண்ட மாநிலமே, அந்த அறுவை செய்யாத பெட்டைக்கு அதிக வரியும் போட்டது. இருந்தாலும், நாய்க்குக் கருத்தடை என்பது சாதாரண மக்களுக்கு எட்டும் காரியமாக ஆவதற்கு நெடுங்காலம் பிடித்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி பொதுப் பணத்தில் குறைந்த கட்டணக் கருத்தடை நிலையம் ஒன்றைத் தொடங்கியது 1971-ஆம் ஆண்டில்தான்.

குட்டியைச் சுமை என்று கருதிப் பெட்டையை ஒதுக்கிய இந்தக் கணக்கு, முற்றிலும் தலைகீழான இடம் ஒன்று உண்டு. ஆண் நாயை வேண்டாம் என்று தள்ளிப் பெண் நாயையே தேடிப் பிடித்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன். அவர்கள் சோவியத் நாட்டின் விண்வெளி ஆராய்ச்சியாளர்கள்.

மனிதனை விண்ணுக்கு அனுப்பும் முன் அங்கே உயிர் பிழைத்திருக்குமா என்று அறிய அவர்கள் நாய்களை அனுப்பினார்கள். மாஸ்கோ தெருக்களில் திரிந்த நாய்களையே பிடித்தார்கள். வளர்ப்பு நாய் தாங்காத பசியையும் பனியையும் தெரு நாய் தாங்கும் என்பது அவர்கள் கணக்கு. சுமார் 6 கிலோ எடைக்குள் இருக்கவேண்டும். படத்தில் தெளிவாகத் தெரிவதற்கு வெளிர் நிறமாக இருக்கவேண்டும். முதல் பயணம் 1951-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள். தேஸிக், ஸிகான் என்ற இரு நாய்கள் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரம் சென்று உயிரோடு திரும்பின. இவ்வகைச் சில நிமிடப் பயணங்களில் ஆண் பெண் வேறுபாடு பெரிதாகக் கருதப்படவில்லை. பூமியைச் சுற்றிவரும் நெடும் பயணம் என்று வந்தபோதுதான் பெண் நாயே வேண்டும் என்று முடிவாயிற்று.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். பெண் நாய் அமைதியானது என்ற எண்ணம் ஒரு பக்கம் இருந்தது உண்மைதான். முக்கியமான காரணம் அதுவன்று. கடுவன் சிறுநீர் கழிக்கக் காலைத் தூக்கும். அந்தக் கூண்டிலே காலைத் தூக்க இடமில்லை. கழிவுகளைச் சேர்ப்பதற்காக உடையோடு பொருத்திய கருவியும் பெண் நாயின் உடலுக்கு ஏற்பவே செய்யப்பட்டது. மனித குலத்தின் மாபெரும் பயணத்துக்கு முன்னோடியாகச் செல்லும் உயிர் ஆணா பெண்ணா என்பதை, அறிவோ அன்போ துணிவோ முடிவு செய்யவில்லை. ஒரு ரப்பர்ப் பை முடிவு செய்தது.

அப்படிப் போனதுதான் லைகா. 1957-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் ஸ்புட்னிக்-2 அதைச் சுமந்து சென்றது. திரும்பி வருவதற்கு அதில் வழியே வைக்கவில்லை. வலியின்றிச் சில நாட்கள் உயிரோடு இருந்தது என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. புறப்பட்ட சில மணி நேரத்துக்குள் வெப்பம் தாங்காமல் அது மாண்டது என்ற உண்மை 2002-ஆம் ஆண்டில்தான் வெளியாயிற்று. லைகாவுக்கு மாற்றாக அல்பீனா என்ற நாய் ஒன்று பயிற்சி பெற்றிருந்தது. பயிற்சியில் அது லைகாவைவிடத் தேறியது என்றும், ஆனால் அது அப்போதுதான் குட்டி போட்டிருந்தபடியாலும் பழகியவர்களின் மனத்தில் இடம் பிடித்துவிட்டபடியாலும் அதை அனுப்ப மனம் வரவில்லை என்றும் சொல்கிறார்கள். அது உண்மையானால், எந்தக் காரணத்துக்காக நம் வீடுகள் பெட்டையை வாசலோடு திருப்பி அனுப்புகின்றனவோ அந்தக் காரணமே அங்கே ஒரு பெட்டையின் உயிரைக் காத்தது. பயணத்துக்கு முன், ஆராய்ச்சியாளர் விளாதிமிர் யஸ்தோவ்ஸ்கி லைகாவைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று பிள்ளைகளோடு விளையாடவிட்டார். தெருவில் பிறந்து விண்ணில் இறந்த அந்த நாய் ஒரு குடும்பத்தின் நாயாக இருந்தது அந்தச் சிறு பொழுதுதான்.

1960-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் பெல்கா, ஸ்த்ரெல்கா என்ற இரு பெண் நாய்கள் சென்றன. பூமியைச் சுற்றிவிட்டு மறுநாள் உயிரோடு திரும்பின. அதன்பின் ஸ்த்ரெல்கா ஆறு குட்டிகளை ஈன்றது. புஷோக் என்பது தந்தையின் பெயர். அது விண்ணுக்குப் போகாமல் ஆராய்ச்சிக்கூடத்திலேயே இருந்த கடுவன். விண்ணுக்குச் சென்று மீண்ட உயிர் நலமான மக்களைப் பெறுமா என்ற கேள்விக்கு அந்த ஆறு குட்டிகளும் விடையாக ஓடி விளையாடின. பெட்டை நாய் குட்டி போட்டதை ஒரு வல்லரசு உலகுக்குப் பறைசாற்றிக் கொண்டாடிய நிகழ்ச்சி, வரலாற்றில் வேறு எங்கும் நான் கண்டதில்லை.

அக்குட்டிகளில் ஒன்று புஷிங்கா. அதைச் சோவியத் தலைவர் குருச்சேவ் 1961-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைவர் கென்னடியின் குடும்பத்துக்குப் பரிசாக அனுப்பினார். இரு நாடுகளும் ஒன்றையொன்று அழிக்க அணுகுண்டு சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. குட்டியின் உடம்பில் ஒட்டுக்கேட்கும் கருவி எதையும் மறைத்து வைத்திருக்கிறார்களோ என்று முதலில் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. வெள்ளை மாளிகையில் ஏற்கெனவே சார்லி என்ற கடுவன் இருந்தது. நேயர்கள் நடந்ததை ஊகித்திருப்பீர்கள். 1963-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் புஷிங்கா நான்கு குட்டிகளை ஈன்றது. ஆங்கிலத்தில் நாய்க்குட்டியைக் குறிக்கும் சொல்லை ஸ்புட்னிக்கோடு ஒட்டவைத்து, அவற்றைப் 'பப்னிக்' என்று கென்னடி வேடிக்கையாக அழைத்தார். குட்டி வேண்டும் என்று கேட்டு மக்கள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். நான்கில் இரண்டு, கேட்ட சிறுவர்களின் வீடுகளுக்குச் சென்றன. குட்டிகளை யார் தலையில் கட்டுவது என்ற கவலை வெள்ளை மாளிகைக்கு இல்லாமற்போயிற்று. பெற்றோர் யார் என்பதைப் பொறுத்தே குட்டி சுமையா பரிசா என்பது தீர்மானமாகிறது போலும்.

இந்த ஆராய்ச்சியாளர்கள் தங்கள் வீட்டுக்கென்று நாயை எடுத்துக்கொண்டபோது என்ன செய்தார்கள் என்று பார்த்தேன். தேஸிக் அடுத்த வாரமே, 1951-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், இரண்டாம் பயணத்தில் மாண்டது. அதனோடு முன்பு சென்று மீண்ட ஸிகானை இனி அனுப்பவேண்டாம் என்று, பௌதிக அறிஞர் பிளாகோன்ராவொவ் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். ஸிகான் என்பது ஆண்பால் பெயர். 1960-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் அனுப்பிய கலம் பழுதாகிச் சைபீரியாவின் பனிக்காட்டில் விழுந்தது. அதற்குள் இருந்த இரு பெண் நாய்களையும் தேடிப்பிடித்து மீட்டார்கள். அவற்றில் ஒன்றை, நாய்ப் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்தவர்களுள் முதன்மையான ஒலெக் கசென்கோ தம் வீட்டில் வைத்துக்கொண்டார். அவர் வீட்டில் அது குட்டிகளும் போட்டது. மேலும் 14 ஆண்டுகள் வாழ்ந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் ஆணா பெண்ணா என்று அத்தனை கவனமாகப் பார்த்தவர்கள், வீட்டு வாசலில் அதைப் பார்க்கவில்லை. சாவின் வாயிலிருந்து மீண்டதா என்பதை மட்டும் பார்த்தார்கள்.

இனி நம் சென்னைக்கு வருவோம். இங்கே கேள்வி விளையாட்டாக இல்லை.

பட்டணத்துத் தெரு நாய்களைப் பிடித்துக் கொல்லும் வேலை 1860-ஆம் ஆண்டு தொடங்கியது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது இடைவிடாது நடந்தது. பிற்காலத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். 1990-களின் நடுவில் ஒரு நாளைக்கு நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் இவ்வாறு மாண்டன. நாய்களின் தொகையோ குறையவில்லை. ஏன் குறையும்? கொல்லப்பட்டவற்றின் இடத்தையும் அவை உண்ட எச்சில் இலையையும் நிரப்ப, அடுத்த மழைக்காலம் கழிந்தவுடன் புதிய குட்டிகள் வந்துவிடும். நம் நாட்டு நாய்களில் பெரும்பாலானவை மழைக்காலத்தை ஒட்டி இணைசேர்ந்து, சுமார் 63 நாள் சுமந்து, குளிர்காலத்தில் ஈனுகின்றன. அந்தக் குட்டிகள் எல்லாம் தெருவிலேயே பிறந்தவையும் அல்ல. வீட்டுப் பெட்டை போட்ட குட்டிகளைச் சாக்கிலே கட்டிச் சந்தை ஓரத்திலும் கோயில் வாசலிலும் விட்டுவந்தவர்களுக்கு அதில் பங்கு உண்டு. கடுவன் குட்டிகளை முதலில் எவரேனும் கேட்டு வாங்கிக்கொள்வர். எஞ்சிச் சாக்குக்குள் போவன பெட்டைகள். அவை வளர்ந்தால் ஆண்டுதோறும் ஈனும். வீடு எந்தச் சுமைக்கு அஞ்சிப் பெட்டையை வெளியே எறிந்ததோ, அந்தச் சுமையைத் தெரு பன்மடங்காகச் சுமந்தது.

1959-ஆம் ஆண்டு விமானி கேப்டன் சுந்தரம் என்பவர் சென்னையில் புளூ கிராஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். மழை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட இரண்டு நாய்க்குட்டிகளை அவர் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்ததே அதற்கு வித்து என்பார்கள். பிறந்த குட்டியைக் கொல்வதை விட்டுப் பிறக்காமலே தடுக்கலாம் என்ற திட்டத்தை அவ்வமைப்பு 1964 முதல் நகராட்சியிடம் வற்புறுத்தி வந்தது. நாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காது ஓரத்தைச் சிறிது வெட்டி, பிடித்த தெருவிலேயே திரும்ப விடுவது என்பது திட்டம். பழகிய நாய் தன் எல்லைக்குள் புதிய நாயை விடாது. மாநகராட்சி இதை ஏற்றுக்கொண்டது 1996-ஆம் ஆண்டில். முப்பத்திரண்டு ஆண்டுகள் கேட்டுக் கேட்டுப் பெற்றது. அந்த இடைக்காலத்தில் செத்த நாய்களை எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. 2001-ஆம் ஆண்டு மத்திய அரசே இம்முறையை விதியாக்கிற்று; 2023-இல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன.

இந்த வேலையில் கணக்கின் சாவி பெட்டையிடம் இருக்கிறது. ஒரு பகுதியிலுள்ள பத்துக் கடுவன்களில் ஒன்பதுக்கு அறுவை செய்துவிட்டு ஒன்றை மறந்துவிட்டாலும், அந்த ஒன்று அங்குள்ள பெட்டைகள் அனைத்துக்கும் போதும். ஒரு பெட்டைக்குச் செய்தாலோ, அதன் வாழ்நாள் ஈற்றுகள் அத்தனையும் நின்றுவிடும். செலவும் சிரமமும் பெட்டைக்குத்தான் அதிகம். கடுவனுக்கு வெளியிலேயே சிறிய அறுவை. பெட்டைக்கு வயிற்றைத் திறந்தாக வேண்டும். பிறகு பத்து நாள் வரையில் காயத்தை நக்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வளர்ப்பவர்கள் தயங்குவது இங்கேதான். ஆனால் அறுவை செய்யாத பெட்டைக்கு வயது ஏறினால் கருப்பையில் சீழ்கட்டும் நோய் வரக்கூடும். அப்போது அதே வயிற்றை, உயிருக்கு மன்றாடிக்கொண்டு திறக்கவேண்டி வரும்.

அப்படியானால் குணத்தில் வேறுபாடே இல்லையா என்று கேட்பீர்கள். சிறிது உண்டு. கடுவன் உருவத்தில் சற்றுப் பெரிது, ஊர் சுற்றும், கண்ட தூணுக்கெல்லாம் அடையாளம் வைக்கும், மற்றக் கடுவன்களோடு சண்டைக்கு நிற்கும். அறுவை செய்தால் ஊர் சுற்றுவது குறைகிறது. காவலுக்கு ஏற்றது என்று நாம் போற்றும் அதே கடுவன், இரவில் மதிலேறி எங்கோ போய்விட்டு விடியலில் காது கிழிந்து வருவதை யாரும் பேசுவதில்லை. 2011-ஆம் ஆண்டில் வியன்னாவில் ஐம்பது நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். திரைக்குப் பின்னால் போன பந்து வேறு அளவில் வெளியே வந்தபோது, பெண் நாய்கள் வியந்து நெடுநேரம் பார்த்தன. ஆண் நாய்கள் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. என் வீட்டுப் பெண்கள் இந்தச் செய்தியை மிகவும் இரசித்தார்கள். எனினும் பந்து எந்த அளவில் வருகிறது என்று பார்ப்பதற்காக நாம் நாய் வளர்ப்பதில்லை. இனத்தைப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கைகூட, 18,000-க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி 2022-இல் வெளியான ஆராய்ச்சிக்குப்பின் தளர்ந்துவிட்டது. நாய்க்கு நாய் காணும் நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்குவது நூற்றுக்கு ஒன்பது பங்கு அளவே. குட்டியை எட்டு வாரம் வரையில் தாயோடு விட்டார்களா, அதன்பின் மனிதர் கை அதன்மேல் அன்பாகப் பட்டதா என்பவற்றை விசாரித்துவிட்டு வாங்குபவர், வாலைத் தூக்கிப் பார்த்து வாங்குபவரைவிட நன்றாகவே தேர்ந்தெடுக்கிறார்.

சென்னையில் அநாதைக் குட்டிகளைத் தத்துக் கொடுக்கும் நாள்களில் நான் சில முறை போய் நின்று பார்த்திருக்கிறேன். பெரிய கூடையிலே பழைய சேலையை விரித்துக் குட்டிகளை விட்டிருப்பார்கள். பிள்ளைகள் நிறத்தைப் பார்த்துக் கை நீட்டும். உடன் வந்த பெரியவர் குனிந்து, குட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம்" என்று கீழே வைப்பார். பெட்டைக் குட்டிகளுக்கு உரிய வயதில் இலவசமாகவே கருத்தடை செய்து தருகிறோம் என்று அங்குள்ள தொண்டர்கள் ஒவ்வொருவரிடமும் சொல்வார்கள். சிலர் கேட்டு நின்று, யோசித்து, மறுபடியும் குனிவார்கள். மாலையில் விளக்குப் போடும் நேரத்துக்குக் கூடையில் நான்கைந்து குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும். அவற்றின் பாலை எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.